உதவி: வீடியோ ஒரு கலர், போஸ்டர் ஒரு கலர், பேனர் ஊதா. ஒரே பாட்டுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டறாங்க

கித்தாகாட்டுப்பையன்:
அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேரு, மலேசியா சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்துப் பசங்க. சொந்தமா ஒரு பாட்டு போட்டு வீடியோவும் எடுத்து முடிச்சிட்டோம், இன்னும் பத்து நாள்ல விடணும். பாட்டு பேரு இப்ப சொல்லல, மன்னிச்சுக்கோங்க. மொத நாள் விடியக்கால கித்தா காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, கூட்டாளி கேமராவுல லாக்ல (பின்னால கலர் ஏத்தறதுக்காக வெளிறலா பதியற முறை) எடுத்தோம், ரெண்டாவது நாள் கேமரா கெடைக்கல அதனால செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள்ள ஐபோன்ல, மூணாவது நாள் ராத்திரி லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல ட்யூப் லைட் வெளிச்சத்துல. மூணும் மூணு படம் மாதிரி இருக்கு. எடிட் பண்ற சித்தப்பா மவன் மொத்தத்துக்கும் மேல ஒரே லட் (ரெடிமேட் கலர் மாத்தற ஃபைல்) தூக்கிப் போட்டான், இன்னும் மோசமாயிருச்சு. போஸ்டர் செஞ்சது வேற ஒருத்தர், அதுல ராத்திரி நீலம் கேட்டோம், ஸ்க்ரீன்ல சூப்பரா இருந்துச்சு, பத்துக்கு நாலு அடி பேனரா கடையில அடிச்சு வாங்கிப் பாத்தா கத்திரிக்கா கலர்ல வந்து நிக்குது. தம்ப்னெயில் இன்னொரு கூட்டாளி போன்லயே செஞ்சான், அதுல எழுத்து வேற மாதிரி. எல்லாத்தையும் ஒரே மாதிரி கொண்டு வர எங்கேருந்து ஆரம்பிக்கணும்? கையில காசு கம்மி. படம் எல்லாம் கீழ போட்டிருக்கேன்.

ரெட்டமாடி:
டிசைனர் ஒருத்தர வச்சு செய்ங்க லா. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா இப்படித்தான்.

கித்தாகாட்டுப்பையன்:
அண்ணே காசு இருந்தா இங்க ஏன் கேக்கறேன் 😅

ராத்திரி_எடிட்டர்:
தம்பி, லட் தப்பில்ல, போட்ட எடந்தான் தப்பு. லாக்ல எடுத்தது, ஐபோன் எச்டிஆர்ல எடுத்தது, ட்யூப் லைட்ல எடுத்தது மூணும் வேற வேற அரிசி, ஒரே பானையில கொட்டி ஒரே தண்ணி ஊத்தினா ஒன்னு குழையும் ஒன்னு வேகாது. மொதல்ல மூணையும் ஒரே நெலைக்குக் கொண்டு வரணும். உன் செம்பனை ஷாட் வெளுத்துப் போய் கண்ணக் கூசுதே, அது ஐபோன் எச்டிஆர் ஆன்ல இருந்ததால, அந்த கிளிப்புக்கு மட்டும் ரெக் 2020 எச்எல்ஜிலேருந்து (எச்டிஆர் கலர் முறை) ரெக் 709க்கு (சாதாரண ஸ்க்ரீன் கலர் முறை) கலர் ஸ்பேஸ் மாத்து. லாக் கிளிப்புக்கு அந்த கேமராவோட லாக்லேருந்து 709. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல மூணு நாளுக்கு மூணு குரூப் போட்டுக்கோ, குரூப்ல ப்ரீ-க்ளிப்னு ஒரு எடம் இருக்கும், இந்த மாத்தல் எல்லாம் அங்க.

அப்புறம் கலர் மேட்ச். கலர் சரி பாக்கற சாம்பல் அட்ட, கிரே கார்டு, வச்சிருக்க மாட்டீங்க, தெரியும். பரவால்ல, பாடறவரு மூணு நாளும் ஒரே வெள்ள பனியன்தான் போட்டிருக்காரு, அதான் உன் கிரே கார்டு. செம்பனைக்குள்ள அந்த பனியன் பச்ச அடிச்சுக் கெடக்குது பாரு, மேல மட்டையில பட்டு வர்ற வெளிச்சம், அத மெஜெண்டா பக்கம் கொஞ்சம் தள்ளி சரி பண்ணு. பனியன் மூணு எடத்துலயும் ஒன்னா தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் லுக், அதாவது மொத்தப் படத்துக்கான கலர் சாயல், அது எல்லாத்துக்கும் பொதுவா கடைசியில ஒன்னே ஒன்னு.

இன்னொன்னு, இது கொஞ்சம் கோவமாவே சொல்றேன். போஸ்டர்ல அவரு மூஞ்சிய வெளுத்து வச்சிருக்காங்க. வீடியோவுல நல்ல கருப்பா கம்பீரமா நிக்கற ஆளு போஸ்டர்ல பவுடர் கொட்டின மாதிரி இருக்காரு. ஆளே வேற ஆளா தெரியும்போது எந்த கலர் வச்சு என்ன ஒன்னாக்குவ? அந்த ஃபில்டர மொத எடு.

கித்தாகாட்டுப்பையன்:
அய்யோ அது ஆப்ல தானா வந்த பியூட்டி ஃபில்டர்ணே, நாங்க கவனிக்கவே இல்ல. அவரே இப்ப பாத்துட்டு "யாருடா இது"ங்கறாரு.

பிரிண்டுக்கட_ஆளு:
பேனர் விஷயத்துக்கு வரேன். கடைக்காரர திட்டாதீங்க, அது அவரு தப்பு இல்ல. ஸ்க்ரீன் நீலம் வெளிச்சத்துல பொறக்கறது, மிஷின் நீலம் சயான் (பச்ச கலந்த நீல மை), மெஜெண்டா (ரோஸ் மை) ரெண்டும் கலந்து பொறக்கறது. ஸ்க்ரீனுக்கான ஆர்ஜிபி கலர் முறையில இருக்கற ஃபைல அப்படியே குடுத்தா மிஷின் தானா மாத்தும், அப்படி மாத்தும்போது ரெண்டு மையும் கிட்டத்தட்ட சமமா விழுந்துருச்சுன்னா நீலம் ஊதாவா திரும்பிரும். சயானுக்கும் மெஜெண்டாவுக்கும் நடுவுல 30க்கு மேல எடவெளி விடு. நானா இருந்தா சயான் 100, மெஜெண்டா 65, மஞ்ச 10, கருப்பு 40னு வச்சு ஆரம்பிப்பேன். திரும்ப பத்தடி அடிக்காத தம்பி, அதே பேனர் துணியில ஏ4 சைசுக்கு ஒரு துண்டு அடிச்சுக் கேளு, வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாரு, அப்புறம் பெருசு.

ஒரு புத்தி, கேட்டா கேளு. அந்த நீலத்த கடையில அடிக்க முடியற நீலமா மொத முடிவு பண்ணிட்டு அதுக்குப் பக்கமா வீடியோவ இழுத்துட்டு வா. ஸ்க்ரீனுக்கு எந்த நீலமும் காட்டத் தெரியும், மைக்குத் தெரியாது.

எழுத்துக்கிறுக்கன்:
எழுத்தப் பத்தி யாருமே பேசல! வீடியோ டைட்டில்ல "கொ" ஒடஞ்சு கெடக்கு, கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம். போஸ்டர்ல சரியா இருக்கு. போட்டோஷாப்னா எழுத்துக்கு வேர்ல்ட் ரெடி லேயவுட்ங்கற அமைப்ப தேர்ந்தெடு, தமிழ் ஒழுங்கா வரும். இல்லன்னா ஒரு எடத்துல சரியா எழுதி பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமா வெளிய எடுத்து வீடியோ, தம்ப்னெயில், பேனர் எல்லாத்துலயும் அந்த ஒரே படத்தையே வை, யாரும் மறுபடி டைப் அடிக்கவே கூடாது. பேனருக்கு மட்டும் வெக்டரா (எவ்ளோ பெருசாக்கினாலும் ஒடையாத வடிவம்) குடு, பிஎன்ஜிய இழுத்தா ஓரம் பிசிறடிக்கும். ஃபான்ட்டுக்கு காசு வேணாம், கூகள் ஃபான்ட்ஸ்ல கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை இருக்கு, தடியா சிரிச்ச மாதிரி வேணும்னா பாலூ தம்பி. உங்க பாட்டுக்கு பாலூ தம்பி வேணாம், அது பொறந்தநாள் கேக் மேல எழுதற எழுத்து 😂

அப்புறம் வீடியோ ஆரம்பத்துல "பத்தாங் பெர்சுந்தை"னு போட்டிருக்கீங்க, பேனர்ல "பெஸ்தாரி ஜெயா". 2007ல பேரு மாத்தினது எல்லாருக்கும் தெரியும், வாயில வர்றது பழசுதான், ஆனா ரெண்டுல ஒன்ன பிடிங்க.

கித்தாகாட்டுப்பையன்:
பாடறவரு பழைய பேருதான் வேணும்கறாரு, பாட்டுலயும் அதான் வருது. அப்ப பேனரத்தான் மாத்தணும்.

வெட்டுக்காரி_மக:
தம்பி நான் எடிட்டிங் எல்லாம் தெரிஞ்சவ இல்ல, எங்கம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டினவங்க. உங்க போஸ்டர போன்ல காட்டினேன், கண்ணாடிய மூக்குல தள்ளிப் பாத்துட்டு "இந்த மரத்த எவன் வெட்டினான், கோணையா வெட்டியிருக்கான்"னாங்க. எனக்கு மொதல்ல புரியல. மரத்துக்கு நேரா நின்னா கோடு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கணும், பட்டைக்குள்ள பால் குழா நேரா ஏறாது, லேசா வலது பக்கம் சாஞ்சு மேல ஏறும், அதனால அப்படி எறக்கி வெட்டினாத்தான் நெறைய குழா அறுபட்டு பால் வரும். உங்க வீடியோவுல சரியாத்தான் இருக்கு, அதே மரம் போஸ்டர்ல எதிர்ப்பக்கம் எறங்குது, பால் பிடிக்கற மங்கும் அந்தப் பக்கம் தொங்குது. படத்த திருப்பிப் போட்டிருக்காங்க. நம்பலன்னா பின்னால நிக்கறவரு சட்டப் பையப் பாருங்க, வலது நெஞ்சுல இருக்கு.

ராத்திரி_எடிட்டர்:
அக்கா!!! நான் நாலு தடவ பாத்தேன், கண்ணுல படவே இல்ல.

கித்தாகாட்டுப்பையன்:
எங்க தாத்தாவும் வெட்டுக்காரர், அவரு இருந்திருந்தா செருப்ப எடுத்திருப்பாரு. போஸ்டர் செஞ்சவருகிட்ட கேட்டேன், எழுத்துக்கு வலது பக்கம் எடம் வேணும்னு திருப்பினாராம். அக்கா, அம்மாகிட்ட ரொம்ப நன்றி சொல்லுங்க.

எழுத்துக்கிறுக்கன்:
அப்ப அந்தக் கோட்டையே பிடிங்களேன்! போஸ்டர்ல எழுத்துக்கு அடியில போற கோடு, தம்ப்னெயில் ஓரம், வீடியோவுல டைட்டில் வர்ற அசைவு எல்லாம் அதே சாய்வு, சுமாரா 30 டிகிரி, இடமிருந்து வலம் கீழ. நீலத்து மேல பால் வெள்ளையில ஒரு கோடு. வேற சின்னமே தேவையில்ல. தம்ப்னெயில்ல மட்டும் வலது கீழ் மூலைய காலியா விடுங்க, யூடியூப் அங்க நேரத்த ஒட்டும், இப்ப உங்க பாதி டைட்டில் அதுக்கு அடியிலதான் கெடக்கு. சதுர கவர் 3000க்கு 3000ல ஒன்னு, நிக்கற வீடியோ 1080க்கு 1920ல ஒன்னு தனியா அடுக்குங்க. ஒன்ன வெட்டி இன்னொன்னு எடுத்தா கோடு அறுந்துரும்.

கித்தாகாட்டுப்பையன்:
அஞ்சு நாள் கழிச்சு வரேன். படத்த நேராக்கிட்டோம், எழுத்து இப்ப இடது பக்கம், நல்லாத்தான் இருக்கு. எழுத்து கட்டமரான், எல்லாரும் ஒரே ஃபோல்டர்லேருந்து எடுக்கறோம், டைப் அடிச்சா அம்பது காசு ஃபைன். ஏ4 துண்டு மூணு தடவ அடிச்சோம், மெஜெண்டா 60ல எறங்கினப்பதான் நீலம் நீலமா வந்துச்சு. பனியன் வேல செஞ்சிருச்சு அண்ணே, செம்பனையும் கித்தா காடும் இப்ப அண்ணன் தம்பி மாதிரி. லயத்து ஷாட்தான் இன்னும் ஒட்டல, ட்யூப் லைட் வரி வரியா ஓடுது. பழைய பேனர அப்பா மோட்டோ கொட்டாய்க்கு கூரையா கட்டிட்டாரு, ஊதா பக்கம் உள்ள தெரியற மாதிரி.

ராத்திரி_எடிட்டர்:
ஷட்டர் 60ல வச்சிருப்பீங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 50ல, இல்லன்னா 100ல வச்சிருக்கணும். இந்த வரி ஓடறத (ஃப்ளிக்கர்) எடுக்கற டூல் காசில்லாத ரிசால்வ் ப்ரீல கெடையாது. ட்யூப் லைட் ஃப்ரேமுல இல்லாத ஷாட்டா பொறுக்கி வை, முடியலன்னா அவர ஒரே ஒரு ராத்திரி திரும்ப கூப்பிடு. அந்தப் பனியன தொவைக்காம வச்சிருக்கச் சொல்லு.

கித்தாகாட்டுப்பையன்:
தொவைச்சாச்சுண்ணே. நாளைக்கு ராத்திரி எடுக்கறோம்.