சேமித்த பணம்: பொருளா, பயணமா?

கேள்வி: யாங்கோன் வாசி

இரண்டு ஆண்டுகளாகக் கட்டிவந்த சீட்டுப் பணம் சென்ற வாரம் கைக்கு வந்தது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிவிடலாம் என்கிறார் என் மனைவி. என் அம்மாவோ, தட்டோன் பக்கத்தில் தாம் பிறந்த கிராமத்தையும் அங்குள்ள கோயிலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். பொருள் வாங்குவதைவிட அனுபவத்துக்குச் செலவிடுவதே கூடுதல் மகிழ்ச்சி தருகிறது என்று வான் போவன், கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் எழுதிய ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து என் மனமும் பயணத்தின் பக்கமே சாய்கிறது. மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து சோறு வடிக்கும் நமக்கும் அது பொருந்துமா?

பதில்: மொகல் தெருக் கணக்கர்

பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. புதுப் பொருள் சில வாரங்களில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது, அடுத்த வீட்டுக்காரர் அதைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கினால் நம்முடையது சிறுத்தும்போகிறது. போய்வந்த பயணமோ பேசப்பேச வளர்கிறது. ஆனால் 2018-இல் லீ, ஹால், வுட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, இந்த முடிவு வசதி உள்ளவர்களுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது என்றும், கையிருப்புக் குறைந்தவர்களுக்குப் பொருளும் அதே அளவு, சில வேளைகளில் கூடுதலாகவே மகிழ்ச்சி தருகிறது என்றும் காட்டியது. ஏப்ரல் மாத இரவில் குழந்தைக்கு விசிறிக்கொண்டே விடிய விழித்திருந்தவர் எவரும் பேட்டரியை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார். வாங்குவதானால் இரண்டு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் போதுமானதாக வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் சேர்த்து வாங்கப் போனால் சீட்டுப் பணம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, பெகு

தம்பி, எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று பர்மிய அரசு அறிவித்தபோது, மாற்றிக்கொள்ளவும் வழி விடவில்லை. 1964-இலும் 1985-இலும் இதேபோல் நோட்டுகள் செல்லாமல் போய்ப் பட்ட பிறகும் என் தந்தை திருந்தாமல் நோட்டுகளை ஹார்லிக்ஸ் டப்பாவில் சுருட்டி வைத்திருந்தார். (அதன்பின் வந்தவை 45-உம் 90-உம். நோட்டில் அச்சிட வேறு எண்ணே கிடைக்கவில்லை போலும்.) அந்த 75 கியாட் நோட்டுகளை வைத்துத்தான் என் தம்பிகள் கடை விளையாட்டு விளையாடினார்கள். அம்மாவின் இரண்டு வளையல்தான் அந்த ஆண்டு எங்களுக்குச் சோறு போட்டது. ஆகவே, நம்மவர்கள் தங்கம் தங்கம் என்று அலைவதைப் பொருளாசை என்று வெளியூர்ப் பேராசிரியர்கள் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

அதே தந்தை, அதற்கு முந்தைய ஆண்டு பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குத் தெருவிலிருந்த அத்தனை குடும்பங்களையும் வண்டி பிடித்து அழைத்துப் போனார். அதை இன்றும் பேசிச் சிரிக்கிறோம்; அந்தச் செலவு சரிதான் என்று அம்மா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறருடன் பகிர்ந்துகொள்ளாத அனுபவம் பொருளைவிடப் பெரிதாக எதையும் தந்துவிடுவதில்லை என்று 2013-இல் கேப்ரரியெல்லோ, ரைஸ் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். எனவே எங்கே போவது என்பதை விட்டுவிட்டு, யாரைப் பார்க்க விரும்புகிறார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

மறுமொழி: யாங்கோன் வாசி

நேற்றிரவு கேட்டேன், ஆசிரியை அம்மா. என் அம்மா கோயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், ஊரில் தனியாக இருக்கும் தம் தங்கையைப் பற்றியே விளக்கு அணையும்வரை பேசிக்கொண்டிருந்தார். கணக்கர் ஐயா சொன்ன சிறிய பேட்டரியின் விலையை விசாரித்துவிட்டேன். சித்தி இங்கே வந்து ஒரு மாதம் தங்க இசைவாரா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன்; அவர் தம் கோழிகளை யாரிடம் விட்டுவருவது என்று யோசிக்கிறாராம்.