கருக்கலைப்பு உரிமையைப் பறிப்பதை கான்சாஸில் ஓட்டுப் போட்டுத் தடுத்தார்களே, டெக்சாஸில் ஏன் முடியவில்லை?

கோத்தகிரி நர்ஸம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்காக 2022 ஜூலையில் போனேன். அப்போது கான்சாஸ் மாநிலத்தில் ஓவர்லேண்ட் பார்க் என்ற ஊரில் இருந்தார்கள். சாயங்காலம் நடக்கப் போனால் வீட்டுக்கு வீடு புல்தரையில் சின்னச் சின்ன அட்டை நட்டு வைத்திருந்தார்கள். தேர்தல் வந்தால் நம் ஊரில் சுவர் பிடிப்பார்கள், அங்கே புல்தரை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் 'ஆம்', அடுத்த வீட்டில் 'இல்லை'. கருக்கலைப்பு உரிமை மாநில அரசமைப்பில் கிடையாது என்று எழுதிவிடலாமா என்பது கேள்வி. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வாசலில் 'இல்லை' அட்டை! ஆகஸ்ட் 2ஆம் தேதி வாக்கெடுப்பு. பேரனுக்கு அன்று ராத்திரி முழுக்க அழுகை, நானும் தூங்கவில்லை. அதனால் முடிவைப் பார்த்தேன்: 59 சதவீதம் 'இல்லை', அதாவது உரிமை அப்படியே இருக்கட்டும் என்று.

இப்போது மகள் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸுக்கு மாறிவிட்டாள். அங்கே கருக்கலைப்புக்குத் தடை. மறுபடியும் மூன்றாம் மாதம். போன வாரம் போனில், "அம்மா, அந்தத் தடையை எதிர்த்துத் தலைநகர் ஆஸ்டின் போய்ப் பதாகை பிடிச்சுட்டு வந்தேன்" என்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. பதாகை பிடிப்பானேன், கான்சாஸ் மாதிரி ஓட்டெடுப்பு வைக்கச் சொல்லலாமே என்று கேட்டால், "இங்கே அப்படியெல்லாம் வைக்க முடியாதும்மா" என்று வைத்துவிட்டாள். ஏன் முடியாது? அந்தத் தடைச் சட்டத்தில் கருக்கலைப்புக்கு உதவி செய்பவர்கள் மீதும் வழக்குப் போடலாமாமே. நாளைக்கு ஏதாவது சிக்கல் என்று நான் அவளை வெளி மாநிலத்துக்குக் கூட்டிப் போனால் என் மீதும் வருமா? விசாவில் இருக்கிறவள் இதில் இறங்கலாமா?

கருக்கலைப்பை அனுமதிக்கும் நம் ஊர் 1971 சட்டத்தைப் பயிற்சியில்தான் படித்தேன். அதற்காக இந்த மலையில் யாரும் கொடி பிடித்ததாக நினைவில்லை. பசுந்தேயிலைக்கு விலை கேட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் சட்டம் இருந்தும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான்கு பிள்ளை பெற்ற கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சு என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பதினெட்டு வயதானவள் என்றால் அவள் கையெழுத்து போதும். புத்தகத்தைக் காட்டியும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அடுத்த வாரம் மறுபடி போய்ச் சண்டை போட்ட பிறகுதான் வேலை நடந்தது.

டல்லாஸ் குன்னூரான்:

அக்கா, நானும் இங்கேதான் இருக்கிறேன். உங்கள் மகள் சொன்னது சரி. டெக்சாஸில் மக்கள் கையெழுத்துத் திரட்டி மாநில அளவில் ஒரு கேள்வியை வாக்குக்குக் கொண்டுவர வழியே இல்லை. அரசமைப்பைத் திருத்தவேண்டுமானால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதன்பிறகுதான் மக்களிடம் வரும். தடை கொண்டுவந்ததே அந்த மன்றம்தான், அப்புறம் எங்கே வரும்?

கான்சாஸிலும் மக்கள் கேட்டு வந்ததல்ல. 2019இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இந்த உரிமை அரசமைப்பிலேயே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதை உடைக்கத்தான் சட்டமன்றமே வாக்கெடுப்பு வைத்தது. அதுவும் கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும், கூட்டம் வராத ஆகஸ்ட் மாதத் தேர்தலோடு சேர்த்து. ஆனால் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள்! முந்தின நாள் போன்களுக்கு 'ஆம் என்று போட்டால் பெண்களின் உரிமை காக்கப்படும்' என்று தலைகீழாகச் செய்தி வேறு வந்தது.

ஒஹாயோவில் இன்னும் வேடிக்கை. கையெழுத்துத் திரட்டி 2023 நவம்பருக்கு வாக்கெடுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், இனி அரசமைப்புத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும் என்று மாற்ற ஆகஸ்டிலேயே தனி வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் அதைத் தோற்கடித்துவிட்டு, நவம்பரில் சுமார் 57 சதவீதத்தோடு உரிமையை எழுதிக்கொண்டார்கள். ஃபுளோரிடாவில் 2024இல் அதே 57தான் கிடைத்தது. அங்கே 60 தேவை என்ற விதி ஏற்கெனவே இருந்ததால் தோற்றுப்போனது.

இங்கே எதிர்ப்பு வேறு வடிவம். 2013இல் கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று நள்ளிரவுக்குள் நிறைவேறாமல் தடுக்க, வெண்டி டேவிஸ் என்ற மாநில செனட்டர் இளஞ்சிவப்பு ஷூ போட்டுக்கொண்டு ஏறக்குறைய 11 மணி நேரம் நின்றபடி பேசினார். உட்காரக் கூடாது, சாயக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. கடைசியில் விதி மீறினார் என்று பேச்சை நிறுத்தினார்கள். மேல்மாடத்தில் இருந்த கூட்டம் போட்ட சத்தத்திலேயே நள்ளிரவு தாண்டி, மசோதா காலாவதியானது. அடுத்த மாதமே மறுபடி கூட்டி நிறைவேற்றிவிட்டார்கள், அது தனிக்கதை. 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தபோது பாதி கிளினிக்குகள் மூடியாகிவிட்டது.

கூடலூர் பாலன்:

அவர்கள் ஊர்ச் சட்டம் அவர்களுக்கு. விசாவில் போனவர்களுக்கு எதற்கு இந்த வேலை? நம் ஊரிலும் கருக்கலைப்பு குற்றம்தானே? ஸ்கேன் சென்டரில் எழுதியே போட்டிருக்கிறார்கள். பெண் சிசுவை அழித்தது போதாதா?

கோத்தகிரி நர்ஸம்மா:

பாலன் தம்பி, அந்த போர்டு 1994 சட்டத்துக்கு உரியது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் குற்றம். கருக்கலைப்பு 1971 சட்டத்தில் வருகிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், 24 வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்த இரண்டு சட்டத்தையும் போட்டுக் குழப்பித்தான் பலர் பயந்துபோய் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, ரத்தப்போக்கோடு ராத்திரி என் கதவைத் தட்டினார்கள். பெண் சிசு என்றால் எனக்கும் கோபம் வரும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

ஊட்டி வக்கீல்:

அம்மா, உங்கள் பயத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பர் 1இல் வந்த டெக்சாஸ் சட்டம் வித்தியாசமானது. அரசு வழக்குப் போடாது, யார் வேண்டுமானாலும் போடலாம். ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர். உதவியவர் மீது போடலாம், அந்தப் பெண் மீது முடியாது. ஆனால் அது டெக்சாஸில் நடக்கும் கருக்கலைப்பைக் குறிவைத்தது, சட்டம் அனுமதிக்கும் மாநிலத்தில் நடப்பதை அல்ல. 2022 ஆகஸ்ட் 25 முதல் ஏறக்குறைய முழுத் தடையே வந்துவிட்டது. அதில் தண்டனை டாக்டருக்கு, ஆயுள் வரைக்கும் போகலாம். ஊருக்குள் சாலை வழியாகக் கூட்டிப் போவதையே தடுக்கச் சில நகரங்கள் விதி போட்டன. அமரில்லோ என்ற ஊரில் அதைக் கேட்டு ஒரு தரப்பு கையெழுத்துத் திரட்டியது. நகர அளவில் அது முடியும். 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் வேண்டாம் என்று தோற்கடித்தார்கள். அமரில்லோ பழமைவாதிகளின் கோட்டை!

மகள் பதாகை பிடிக்கலாம். ஓட்டு மட்டும் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்பார்கள், கவனிக்காமல் ஆம் என்று டிக் அடித்துவிட்டுப் பிறகு குடியுரிமை நேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கையெழுத்து இயக்கமும் பதிவு பெற்ற வாக்காளர்களுக்குத்தான்.

முக்கியமாக, கர்ப்பத்தில் பனிக்குடம் சீக்கிரம் உடைந்தால் என்ன செய்வார்கள் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். அமாண்டா சுராவ்ஸ்கி என்பவருக்கு 18ஆவது வாரத்தில் அப்படி ஆனது. தடைச் சட்டத்தால் கருக்கலைப்பு செய்யாமல், ரத்தத்தில் தொற்று ஏறும்வரை டாக்டர்கள் காத்திருந்தார்கள். அவரும் வேறு பெண்களும் 2023இல் மாநிலத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2024 மே 31இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்தக் கூச்சல் வீண்போகவில்லை. உயிர் போகும் கட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று விளக்கும் சட்டத்தை 2025இல் அந்தச் சட்டமன்றமே நிறைவேற்றியது.

கோத்தகிரி நர்ஸம்மா:

நன்றி தம்பி. நேற்று ராத்திரி கேட்டேன். டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். ஓட்டு விஷயமும் தெரியுமாம், "எனக்கு ஓட்டில்லாததால்தான் பதாகை பிடிக்கப் போனேன்" என்கிறாள். பிரசவத்துக்கு நான் போகிறேன். விசா வேலையைத் தொடங்கியாச்சு.

இன்னொன்று. கான்சாஸில் கிளம்பும்போது அந்தப் பாட்டி தன் 'இல்லை' அட்டையை இவளிடம் கொடுத்திருக்கிறார். டல்லாஸ் வீட்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாளாம். வாடகை வீடு. வாசலில் நட்டால் வீட்டுக்காரர் ஏதாவது சொல்வாரா, குன்னூர் தம்பி?