இசையும் பின்னணிக் குரலும் இல்லாமல் விவரணப்படம் எடுத்தால் எடுபடுமா?

ஒலுமடு:
வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்து மாட்டுப் பட்டிக்காரரைப் பற்றி 20 நிமிட விவரணப்படம் எடுக்கப்போறம். விடியப் பால் கறக்கிறது, பட்டி திறக்கிறது, காலபோக (மாரி மழை நெல்) விதைப்புக்கு முன்னம் மாடுகளை வயல்வெளியில இருந்து காட்டுக்கரைக்குச் சாய்க்கிறது (ஓட்டிக்கொண்டு போறது), இவ்வளவுதான். இசை, பின்னணிக் குரல், நேர்காணல் ஒண்டும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி காட்டினால் போதும் எண்டு நினைக்கிறன். கூட வேலை செய்யிறவை "சிசிடிவி மாதிரி இருக்கும்" எண்டினம். இருக்கிறது ஒரு கமரா, ஒரு சின்ன றெக்கோடர். என்ன சொல்லுறீங்கள்?

வவுனிக்குளம்:
நல்லா வரும். ஆனால் உள்ளபடி எண்டது தானா வாறதில்லை. 1922இல வந்த 'நனூக்' எண்ட இனுயிற் மக்களைப் பற்றின விவரணப்படத்தில, பனிவீட்டுக்குள்ள வெளிச்சம் போதாமல், பாதி திறந்த பனிவீடு ஒண்டைக் கட்டுவிச்சுத்தான் இயக்குநர் ஃபிளாஹெர்ட்டி உள்காட்சியை எடுத்தவர்.

இந்தப் பாணியைத் தாங்கிறது ஒலி. பால் கறக்கிறதையே பாருங்கோ. வெறும் வாளியில முதல் பீச்சல் 'சிர்ர்' எண்டு தகரத்தில அடிக்கும். பால் ஏற ஏறச் சத்தம் தடிக்கும், நுரை கட்டினாப் பிறகு அமுங்கிப்போகும். அதை வெட்டாமல் வச்சால் வாளி நிறையுது எண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. 3 மீற்றர் தள்ளி நிக்கிற கமராவின்ர மைக்குக்கு அது எட்டாது. றெக்கோடரை வாளிக்கு ஒரு முழத்துக்குள்ள, மாட்டின்ர கால் படாத பக்கம் வையுங்கோ. றெக்கோடரை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில வையுங்கோ, ஒலி அளவு காட்டியில உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்குக் கீழ நிக்கட்டும். மைக்குக்கு மயிர்க் கவசம் கட்டாயம், காத்து அடிச்ச இரைச்சலைப் பிறகு எடுக்கேலாது. ஒலியையும் படத்தையும் பொருத்தக் கை தட்டுவீங்கள்தானே, அதைப் பட்டிக்கு வெளியில தட்டிப்போட்டு, இரண்டையும் நிப்பாட்டாமல் உள்ள போங்கோ.

ஒவ்வொரு இடத்திலயும் ஆரும் பேசாத ஒரு நிமிடச் சூழல் ஒலியும் தனியா வேணும். அது இல்லாட்டி காட்சிகளை ஒட்டுற இடத்தில சத்தம் குதிக்கும். அதை மறைக்க எண்டே கடைசியில இசை போடவேண்டி வரும்.

கனகராயன்:
சிசிடிவி மாதிரித் தெரியிறது கமரா உயரத்தால. குந்தியிருந்து கறக்கிறவரை நிண்ட உயரத்தில இருந்து எடுத்தால் கண்காணிக்கிற மாதிரித்தான் இருக்கும். ட்ரைபொட்டை அவற்ற கண் மட்டத்துக்கு, 70, 80 சென்ரிமீற்றருக்கு இறக்குங்கோ. ஸூம் வேண்டாம், கிட்டப் போகவேணுமெண்டால் நடந்து போங்கோ.

செக்கனுக்கு 25 பிரேம், சட்டர் 1/50 செக்கன். உச்சி வெயிலில ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100 எண்டாலும் லென்ஸ் துவாரத்தை எஃப் 22 வரை சின்னனாக்கவேணும். துவாரத்தைப் பெருப்பிச்சு எஃப் 5.6இல எடுக்க, வெளிச்சத்தை நாலு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டால் பாதி) குறைக்கிற என்.டி. 16 எண்ட கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் வேணும். சட்டரைக் கூட்டிச் சமாளிச்சால் மாடு நடக்கிறது வெட்டி வெட்டித் தெரியும். வைட் பலன்சை (நிறச் சமநிலையை) 5600 கெல்வினில பூட்டுங்கோ, ஓட்டோவில விட்டால் விடியல் நிறம் காட்சி நடுவில மாறிப்போகும்.

இன்னொண்டு: புது ஆளைக் கண்டு மிரண்டால் மாடு பால் இறக்காது. அது அந்தக் குடும்பத்தின்ர வருமானம். முதல் சில விடியல் ட்ரைபொட்டை ஊண்டிப்போட்டு, எடுக்காமல் நில்லுங்கோ.

ஒலுமடு:
நன்றி அண்ணாமார். மாடுகளை ஏன் சாய்க்கினம், மேய்ச்சல் தரை ஏன் இல்லை எண்டதைக் குரல் இல்லாமல் எப்பிடிச் சொல்லுறது?

கனகராயன்:
மாடு நடக்கிறதைக் கமரா காட்டும், காரணத்தைக் காட்டாது. இந்தப் பாணிக்கு அங்க எல்லை இருக்கு, ஒத்துக்கொள்ளத்தான் வேணும். ஆனால் காலபோகத்துக்கு முன்னம் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைப்பினம்தானே. விதைப்புத் திகதியோட, மாடுகளை எப்ப அகற்றவேணும் எண்டதும் அங்கதான் முடிவாகும். கமக்காரரும் பட்டிக்காரரும் ஒரே இடத்தில முகத்துக்கு நேர கதைப்பினம். அதை எடுங்கோ. முன்கூட்டியே அனுமதி கேளுங்கோ, தொடங்கேக்க எல்லாருக்கும் அறிவிக்கச் சொல்லுங்கோ, றெக்கோடரை முன்மேசையில வையுங்கோ. படத்தில அது முதல் 5 நிமிடத்துக்குள்ள வரவேணும், சாய்க்கிறது அதுக்குப் பிறகு.

வவுனிக்குளம்:
அதோட நானும் நிக்கிறன். கூட்டத்தில வராத தகவலுக்கு மட்டும் இரண்டு வரி எழுத்து அட்டை போடலாம், ஆறுதலா இரண்டு தரம் வாசிக்கிற நேரம் திரையில நிக்கட்டும். சிறுபோகத்தில (கோடை நெல் காலத்தில) எடுத்த மேய்ச்சலைக் காலபோகத்துக்குள்ள ஒட்டவேண்டாம். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்தே எங்கட சனம் பிடிச்சிடும், பிறகு கூட்டக் காட்சியையும் நம்பாதுகள்.