ஆபிரகாம் புத்தகம்: மூலச் சுருள் முழுக்க எரிந்துபோனதா?

ஓரெம்வாசி கேட்டது

யூட்டாவில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா மார்மன் சபைக்காரர். எனக்குப் பிரசவமான சமயத்தில் நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். அதனால் மரியாதையோடுதான் கேட்கிறேன். அவர் கொடுத்த ‘விலையேறப்பெற்ற முத்து’ நூலில் ஆபிரகாம் புத்தகம் என்றொரு பகுதி. ஆபிரகாமே தன் கையால் பாப்பிரஸில் (பழைய எகிப்தின் நாணல் தாளில்) எழுதியது, மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் மொழிபெயர்த்தது என்று முகப்பிலேயே இருக்கிறது. மூலம் எங்கே என்றேன். 1871 சிகாகோ தீயில் போய்விட்டது என்றார். அப்படியானால் சரிபார்க்க வழியே இல்லையா?

பழஞ்சுவடி

இருக்கிறதுங்க. பழைய எகிப்திய மொழியை முறையாகப் படித்தவன் நான். இந்த விஷயத்தில் ஆதங்கம் அதிகம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1835 கோடையில் மைக்கேல் சாண்ட்லர் என்பவர், ஊர் ஊராக மம்மிகளைக் காட்சிக்கு வைத்தவர், ஒஹாயோவின் கிர்ட்லாந்துக்கு வந்தார். நான்கு மம்மிகளையும் அவற்றோடு இருந்த பாப்பிரஸ்களையும் ஸ்மித்தும் அவரைச் சேர்ந்தவர்களும் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். எகிப்திய எழுத்தின் முடிச்சைச் சாம்போலியன் 1822லேயே பாரிஸில் அவிழ்த்துவிட்டார். ஆனால் ஸ்மித் வாசித்துச் சொன்னதை நிறுத்துப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்தவர் கிர்ட்லாந்தில் யாருமில்லை. அப்படி அவர் சொன்னதுதான் ஆபிரகாம் புத்தகம். 1842இல் இல்லினாய் மாநிலத்தின் நாவூவில் மூன்று படங்களோடு அது அச்சாயிற்று.

ஸ்மித் இறந்தபின், 1856இல் குடும்பம் இவற்றை விற்றது. ஒரு பகுதி சிகாகோ அருங்காட்சியகத்துக்குப் போய், தீயில் அழிந்ததாகவே கருதப்படுகிறது. அந்த அம்மா சொன்னது அந்த மட்டில் சரி. மீதி பிழைத்தது. 1966இல் அஜீஸ் அத்தியா என்ற காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) வரலாற்றறிஞர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தார். கூடவே ஸ்மித்தின் மனைவி எம்மா கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம். 1967 நவம்பரில் 11 துண்டுகள் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. முதல் படத்தின் மூலமே அவற்றில் ஒன்று.

அந்தப் படத்தை ஒட்டிவரும் எழுத்து ஹோர் என்ற தீப்ஸ் நகரத்துப் பூசாரிக்காக எழுதியது. இறந்தவர் மறுமையில் மூச்சுவிட்டு வாழ வேண்டி உடலோடு வைக்கும் சுவாசப் புத்தகம். 1968இல் எகிப்தியல் அறிஞர்கள் ஜான் வில்சன், ரிச்சர்ட் பார்க்கர், கிளாஸ் பேர் எல்லோரும் பார்த்துச் சொன்னது இதுதான். ஆபிரகாமின் பெயர் ஓரிடத்திலும் கிடையாது. காலமும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்கு முன்னே போகாது. துண்டுகளில் உள்ள எழுத்து ஆபிரகாம் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதை 2014இல் சபையே தன் கட்டுரையில் ஒப்புக்கொண்டுவிட்டது.

விசுவாசி

நான் சபை உறுப்பினன், தமிழன். அண்ணன் சொன்ன தகவல்களில் பிழையில்லை. ஆனால் கிடைத்தவை துண்டுகள்தான். நீளமான சுருள் ஒன்று இருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆபிரகாம் பகுதி அதில் இருந்திருக்கலாம். பாப்பிரஸ் ஒரு தூண்டுதல் மட்டுமே, வார்த்தைகள் தேவன் அருளியவை என்று நம்புகிறவர்களும் எங்களில் உண்டு. ஜெபத்தோடு வாசித்து ஆறுதல் அடைந்தவன் நான்.

பழஞ்சுவடி

தம்பி, உங்கள் ஆறுதலை நான் தொடவில்லை. அது உங்களுக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ளது. நான் பேசுவது 1842இல் அச்சில் வந்த ஒரு கூற்றைப் பற்றி.

தொலைந்த சுருளில் இருந்தது என்றால் முதல் அதிகாரத்தின் 12ஆம் வசனம் இடிக்கிறது. இந்தப் பதிவின் தொடக்கத்தில் உள்ள படத்தைப் பார் என்று ஆபிரகாமே சொல்வதாக அதில் வருகிறது. அந்தப் படம் ஹோரின் சுருளின் தொடக்கத்தில் இருக்கிறது.

அதைவிட மூன்றாம் படம். அதில் எழுத்துகளும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன, தொலைந்தது என்று சொல்ல இடமில்லை. இரண்டாம் உருவம் பார்வோன், அவன் பெயர் தலைக்கு மேலே எழுதியிருக்கிறது என்கிறார் ஸ்மித். அங்கே எழுதியிருப்பது ஐசிஸ் தேவியின் பெயர். உருவமும் பெண்தான். நான்காவதை இளவரசன் என்கிறார். அதுவும் பெண், மாஅத் தேவி. ஐந்தாவது, ராஜாவின் பணியாள் ஷூலேமாம். எழுத்தில் இருப்பது ஹோர், சுருளுக்கே சொந்தக்காரர். தூண்டுதல் என்ற விளக்கம் இங்கே எப்படி ஒட்டும்? இன்ன இடத்தில் இன்னது எழுதியிருக்கிறது என்று அவரே விரல் வைத்துக் காட்டுகிறார். காட்டிய இடத்தில் அது இல்லை.

எனக்கு மனம் வலிப்பது ஹோரை நினைத்துத்தான். செத்தபின்னும் தன் பெயர் வாசிக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்ட மனிதர். அந்த எழுத்துக்கு மேல் வேறு பெயரை ஏற்றிவிட்டார்கள்.

ஓரெம்வாசி

ரொம்ப நன்றி. இதை நானே பார்க்க முடியுமா? வாதம் பண்ண இல்லை, எனக்குத் தெரிந்துகொள்ளத்தான்.

பழஞ்சுவடி

முடியுமே. சபையே நடத்தும் ஜோசப் ஸ்மித் ஆவணங்கள் தளத்தில் பாப்பிரஸ்களின் தெளிவான படங்கள் இருக்கின்றன. ஆபிரகாம் புத்தகத்தின் கிர்ட்லாந்து கையெழுத்துப் பிரதிகளும் அங்கேயே உண்டு. ஓர இடத்தில் ஓர் எகிப்தியக் குறி, எதிரே அதற்கு ஒரு முழுப் பத்தி ஆங்கிலம். அந்தக் குறிகள் ஹோரின் துண்டிலிருந்தே வந்தவை, பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே தெரியும். முதலில் மூன்றாம் படத்தைத் திறந்து பாருங்கள்.