மறு: "நியர் மிஸ்" – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீடு கட்டும் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிக் கையேட்டில் இந்த ஒரு சொல்லில்தான் ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன். விபத்தாகியிருக்க வேண்டியது, யாருக்கும் அடிபடாமல் போய்விட்டது. அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

> "தவிர்ந்த விபத்து" என்று வைக்கலாமே, பொருள் தெளிவாக இருக்கிறது.

பொருள் சரிதான். ஆனால் "விபத்து" என்று காதில் விழுந்ததுமே மேஸ்திரி "இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று முடித்துவிடுவார். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் அடுத்த வேலை கிடைக்காது என்ற பயம் அவருக்கு.

சென்ற மாதம் ஒரு மாடி வீட்டு வேலையில் என் கண்ணெதிரே நடந்தது இது. சாரத்துப் பலகையில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். ஓரத்தில் தடுப்பு இல்லை. கொத்தனார் திரும்பும்போது முழங்கால் பட்டு ஒரு கல் விழுந்தது. கீழே மணல் அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் அக்காவின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, மணலில் பாதி புதைந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், "நல்ல வேளை" என்றார், சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு சட்டியைத் தூக்கினார். மறுநாள் காலையிலும் கற்கள் அதே ஓரத்தில்தான் இருந்தன. நான் சத்தம் போட்ட பிறகுதான் பலகையின் விளிம்பில் நாலங்குல உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்துக் கட்டினார்கள். பத்து நிமிட வேலை.

"நல்ல வேளை" என்று சொன்னதோடு அது காற்றில் போய்விடுகிறது. பிடித்து வைக்கத்தான் சொல் கேட்கிறேன். 1931-இல் அமெரிக்காவில் ஹைன்ரிக் என்பவர், ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும் காயமே இல்லாத 300 நிகழ்வுகளும் இருக்கும் என்று கணக்குச் சொன்னார். அந்த எண்களைப் பலர் இன்று ஏற்பதில்லை. ஆனால் தலையில் விழுந்த கல்லும் மணலில் விழுந்த கல்லும் ஒரே பலகையிலிருந்துதானே விழுகின்றன?

> அப்படியானால் "மயிரிழைத் தப்பு"?

"மயிரிழை" என்று பலர் முன்னால் சொல்லக் கூச்சப்படுவார்கள். "தப்பு" அதைவிடச் சிக்கல். நாம் தப்பித்தலை நினைத்து எழுதுவோம், கேட்பவருக்கு "யார் செய்த தப்பு?" என்றுதான் விழும். பழி வரும் என்று தெரிந்தால் யார் வாய் திறப்பார்கள்?

என் பரிந்துரை "நூலிழை". "நூலிழையில் தப்பினார்" என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். கட்டட வேலையிலோ நூல் இல்லாத நாளே இல்லை. வரிசை நேராக வர நூல் கட்டுகிறார்கள். அளவிலும் நூல் உண்டு, எட்டு நூல் ஓர் அங்குலம். "ரெண்டு நூல் ஏறியிருக்கு, தட்டு" என்று பேசுகிறவருக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டாம். நெசவில் நூலிழைக்கு வேறு பொருள் இருக்கிறது, தெரியும். சாரத்தின் மேல் அந்தக் குழப்பம் வராது.

> பதிவேட்டில் எழுத "நூலிழை நிகழ்வு" என்று முழுதாக இருக்கட்டும்.

சரி, எழுத்தில் அப்படியே இருக்கட்டும், "நூலிழைப் பதிவு" என்றும் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் வீட்டு வேலையில் பதிவேடு ஏது? 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமே பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்த இடங்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. மேஸ்திரியும் ஆறு பேரும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி கிடையாது, படிவம் கிடையாது. காலையில் கலவை போடுவதற்கு முன் மேஸ்திரி "நேற்று ஏதாவது நூலிழை உண்டா?" என்று கேட்க வேண்டும், அந்த அக்கா "ஒண்ணு இருக்குண்ணே, கல்லு விழுந்துச்சு" என்று சொல்ல வேண்டும். அதனால் பயிற்சியில் குறுஞ்சொல்லையே கற்பிக்கப் போகிறேன்.

உங்கள் ஊரில் நூல் அளவை வேறு பெயரில் சொல்கிறார்களா? கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் எழுதுங்கள்.