கட்சி மாறினா எம்எல்ஏ பதவி ஏன் போகணும்?

வைகைக்கரை: ஓட்டு போடுறது நாம, ஆனா சபையில கொறடா (எப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா உத்தரவு போடுறவர்) சொல்றபடிதான் ஓட்டு போடணும், மீறினா பதவி போகும்னா தொகுதிக்கு எதுக்குங்க ஒரு எம்எல்ஏ?

பழைய வாக்காளர்: 1967ல ஹரியானால கயா லால்னு ஒரு எம்எல்ஏ ரெண்டே வாரத்துல மூணு தடவ கட்சி மாறினாரு, ‘ஆயா ராம் கயா ராம்’னு (ராம் வந்தாரு, ராம் போனாரு) பேச்சே வந்தது அதுலதான், இந்த மாதிரி தாவல நிறுத்தத்தான் 1985ல அரசியல் சட்டத்துல 52வது திருத்தமா கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துச்சு.

தென்றல்: சரிங்க, ஆனா தனியா தாவினா பதவி போகும், மூணுல ரெண்டு பங்கு பேர் சேந்து இன்னொரு கட்சில இணைஞ்சா போகாதுங்கறது எனக்கு நியாயமாவே படல.

வைகைக்கரை: பதவி போகுமா போகாதான்னு முடிவு பண்றது யாரு?

பழைய வாக்காளர்: சபாநாயகர். அவரே பெரும்பாலும் ஆளுங்கட்சி ஆளு. மணிப்பூர் எம்எல்ஏ ஒருத்தர் கட்சி தாவின வழக்குல 2020ல சுப்ரீம் கோர்ட், இந்த மாதிரி புகாரை சபாநாயகர் மூணு மாசத்துல முடிக்கணும்னு சொல்லியும் இழுத்தடிக்கிறாங்க, அதுதான் வயிறெரியுது.