மறு: ஓடுவதை விடாத ஃபோக்கஸ் – தமிழில் என்ன?

நண்பர்களே,
ஒளிப்பட வகுப்புக் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஃபோக்கஸ் பூட்டிக்கொள்வதை 'ஒற்றைக் குவியம்' என்று எழுதிவிட்டேன். அழுத்தியிருக்கும்வரை, நகரும் பொருளுக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டே இருப்பதை (நிக்கானில் ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ) 'தொடர் குவியம்' என்றேன். போன வகுப்பில் ஒருவர் இதைப் படித்துவிட்டு, ஒற்றைக் குவியத்தை மாற்றாமலே பொத்தானை அமுக்கிப் பிடித்துப் படபடவென இருபது படம் எடுத்தார். எதிரே ஓடிவந்த நாய் அத்தனையிலும் மங்கல். அது முதலில் நின்ற இடத்துப் புல் மட்டும் பளிச்சென்று இருந்தது. 'தொடர்' என்றால் அடுத்தடுத்துச் சுடுவது என்று நினைத்துவிட்டார்.

---

> 'தொடர் குவியம்'

சேர்த்து எழுதுங்கள், குழப்பம் தீர்ந்தது. தொடர்குவியம்: ஊறுகாய் போல வினைத்தொகை. நன்னூல் சொல்லும் 'காலம் கரந்த பெயரெச்சம்'. ஷட்டர் திறக்கும் கணத்தில் பொருள் எங்கே இருக்கும் என்று கருவி முன்கூட்டிக் கணிக்கிறதே, அந்த எதிர்காலமும் இதற்குள் அடக்கம். அப்புறம், 'ஷட்டர்' கையேட்டில் வேண்டாம்.

---

சேர்த்து எழுதினால் நாய் தெளிந்துவிடுமா ஐயா?

எனக்குக் 'குவியம்' என்பதே ஒப்பவில்லை. மொட்டு குவியும், கை குவியும். 1604இல் கெப்ளர் ஒளியியலில் ஃபோக்கஸ் என்றபோது எடுத்தாண்டது அடுப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். நம்மிடம் 'உலை' இருக்கிறது. உலைதல் என்றால் நிலைகுலைதல், ஆக 'உலையா உலை'...

---

கெப்ளரின் அடுப்பில் கையேடு வேகாது. 'விடாக்குவியம்' என்று வைக்கலாமே? விடாக்கண்டன் எல்லோருக்கும் தெரியும்.

---

அதில் ஒரு சிக்கல், அம்மா. குறுக்கே ஒரு மரம் வந்தால் உடனே அதற்குத் தாவுவதா, சற்றுப் பொறுத்து நாயையே பிடித்திருப்பதா என்று பல கேமராக்களில் தனி அமைப்பு உண்டு. 'விடா' அதற்குத்தான் பொருந்தும். இதற்குப் 'பின்தொடர் குவியம்' போதும்.

---

சரி, நால்வர் 'பின்தொடர்' பக்கம். அப்படியே அனுப்பிவிட்டேன். படபடவென எடுப்பதை 'அடுக்குப்படம்' என்று மாற்றியாயிற்று. 'ஷட்டர்' இருக்கிறது, மன்னிக்கவும்.

---

அச்சேறிவிட்டதா? பின்தொடர்வது என்றால் பின்னாலேயே போவது. நாய் எதிரே அல்லவா வந்தது?